சிப்பி ஏந்திய திருமறை

இஸ்தான்புல் நகரில், சுலைமானியா பள்ளிவாசலை ஒட்டி ஏழைகளுக்கு உணவளித்துவந்த பழைய அறச்சாலைக் கட்டடத்தில், 1914ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. உதுமானியப் பேரரசு தன் பெருமையை உலகுக்குக் காட்ட விழைந்து அதனைத் திறந்தது என்று கருதுவோர் உளர். உண்மை அத்துணை இனியதன்று. பள்ளிவாசல்களிலும் சுல்தான்களின் அடக்கத்தலங்களிலும் இருந்த கம்பளங்களும் விளக்குகளும் குர்ஆன் படிகளும் அவற்றைத் தாங்கிய பேழைகளும் ஒவ்வொன்றாகக் காணாமற்போய், ஐரோப்பியச் சேகரிப்பாளர்களின் மாளிகைகளில் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. களவைத் தடுக்க வேறு வழி காணாத அறநிலைய அதிகாரிகள், எஞ்சியவற்றை ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்து பூட்டினர். இன்று துருக்கிய இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் என்னும் பெயரோடு, 1983 முதல் இப்ராஹீம் பாஷா அரண்மனையில் இயங்குவது அதுவே.

அங்கே பூட்டப்பட்டவற்றுள் ஒருவகைப் பொருளைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம். அக்ரோட்டு மரத்தால் கட்டி, கருங்காலியும் ஆமையோடும் முத்துச்சிப்பியின் உள்தகடும் இழைத்து, உச்சியில் சிறு குவிமாடம் ஏற்றப்பட்ட குர்ஆன் பேழைகள் அவை. தொலைவில் நின்று நோக்குவார்க்கு ஒரு பள்ளிவாசலைச் சுருக்கி வைத்தாற்போல் தோன்றும். மூடியைத் திறந்தால் உள்ளே சிற்றறைகள். குர்ஆனின் முப்பது ஜுஸ்உகளும், அதாவது பகுதிகளும், முப்பது தனி ஏடுகளாக அவற்றில் நிற்கும். அடக்கத்தலத்தில் ஓதுவதற்கென வக்ஃபு என்னும் அறக்கொடை வருவாயிலிருந்து ஊதியம் பெற்றோர் ஆளுக்கொரு ஜுஸ்உவை எடுத்து ஓதுவர். முப்பதின்மர் ஓதி முடிக்குங்கால் திருமறை முழுவதும் ஓதப்பெற்றிருக்கும். பேழையின் அளவு, அறைகளின் எண்ணிக்கை, மூடி திறக்கும் திசை ஆகிய அனைத்தும் அந்த ஓதுதலுக்காக வகுக்கப்பட்டவை. இன்று கண்ணாடிக்குப் பின்னே அப்பேழை மூடிய நிலையிலோ வெறுமையாகவோ இருக்கின்றது. அருகிலுள்ள குறிப்பட்டை மரத்தின் பெயரையும் நூற்றாண்டையும் சொல்லும். ஓதியவரைப் பற்றிப் பேசாது.

களவுபோகாமல் பொருளைக் காத்தமை நற்செயலே. அதனைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் பொருளைக் காத்துவிட்டதாலேயே அதனைச் செய்த தொழிலையும் காத்துவிட்டதாக ஒரு மயக்கம் நிலவுகின்றது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலவும் அம்மயக்கத்தைக் கலைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே நம் வழக்கு.

முத்துச்சிப்பி தன் மெல்லுடலுக்கு உட்சுவராகப் பூசிக்கொள்ளும் ஒளித்தகடே இக்கலையின் மூலப்பொருள். அதன் எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு சுண்ணாம்புச் சேர்மம். எஞ்சியது புரதம் முதலிய உயிர்ப்பொருள். சுண்ணாம்பு அதில் மிகமெல்லிய வில்லைகளாக, ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்கல் அடுக்கினாற்போல் அமைந்திருக்கும். ஒவ்வொரு வில்லையின் தடிப்பும் ஒளியலையின் நீளத்துக்கு நெருங்கியது. ஆதலால் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் ஒளியும் கீழடுக்கில் பட்டுத் திரும்பும் ஒளியும் கலந்து, காண்போர் நகருந்தோறும் இளஞ்சிவப்பாகவும் பச்சையாகவும் மாறித் தோன்றும். சாயம் ஏதுமில்லை, அமைப்பே நிறம். ஒரே தகட்டிலிருந்து அறுத்த இரு துண்டுகளை வெவ்வேறு திசையில் திருப்பிப் பதித்தால் ஒன்று வெளுத்தும் மற்றொன்று இருண்டும் தெரியும். இந்நுட்பத்தைக் கைவினைஞர் நன்கறிந்திருந்தனர். ஒரு விண்மீன் வடிவத்தின் கதிர்களை மாறிமாறித் திருப்பிப் பதித்து, ஒரே பொருளில் இரு நிறம் காட்டினர்.

இறையில்லத்தில் சிப்பி ஒளிரத் தொடங்கியது நேற்றன்று. எருசலேமில் 691-92இல் முற்றுப்பெற்ற குப்பத்துஸ் ஸக்ரா என்னும் பாறைக் குவிமாடத்தின் உட்சுவரில், பச்சையும் பொன்னுமான கண்ணாடிச் சில்லுகளிடையே சிப்பிச் சில்லுகளும் பதிக்கப்பட்டுள்ளன. கெய்ரோவில் 1285இல் நிறைவெய்திய சுல்தான் கலாவூனின் அடக்கத்தலத்து மிஹ்ராபில் பளிங்கோடு சிப்பியும் இழைந்து நிற்கின்றது. தொழுகைத் திசையைக் காட்டும் மாடத்தில், எல்லாக் கண்களும் சென்று குவியும் இடத்தில், பொன்னைவிட எளிய ஒரு கடற்பொருளை வைத்தனர்.

இதில் ஒரு பொருத்தம் உண்டு. பொன், வெள்ளிக் கலங்களில் உண்பதையும் பருகுவதையும் நபிமொழி விலக்கியது. செல்வச் செருக்கை வழிபாட்டின் அருகே வரவிடலாகாது என்னும் எச்சரிக்கை சமய வாழ்வு முழுவதும் ஒலித்துவந்தது. அரசர்கள் அவ்வெச்சரிக்கையை எந்நாளும் கடைப்பிடித்தனர் என்று நாம் சொல்லமாட்டோம். பொன் பூசிய விதானங்கள் உலகறிந்தவை. எனினும் ஒளி வேண்டும், செருக்கு வேண்டா என்று எண்ணிய உள்ளத்துக்குச் சிப்பி வாய்ப்பான விடையாயிற்று. குர்ஆனின் 55ஆம் அத்தியாயமாகிய அர்ரஹ்மான், கடல் தரும் முத்தையும் பவளத்தையும் இறைவனின் அருட்கொடைகளாக எண்ணிக் காட்டுகின்றது. முத்தை ஈன்ற ஓடு அத்திருமறைக்கே பேழையாயிற்று. உருவம் வரைவதற்கு இடமில்லாத இறையில்லத்தில் எழுத்தும் மலர்க்கொடியும் வடிவக் கணக்குமே அணி செய்யும் உரிமை பெற்றவை. சிப்பியோ வளைந்த சிறு துண்டுகளாகவே கிடைப்பது. பெரும் உருவம் அதில் செய்தலரிது, நட்சத்திரமும் அறுகோணமும் எழுத்தின் வளைவும் செய்தல் எளிது. பொருளின் குறைபாடும் சமயத்தின் நெறியும் ஒரே பக்கம் சாய்ந்தன.

இத்தொழிலின் மாண்பை அறிய விரும்புவோர் ஸதஃப்கார் மெஹ்மத் ஆகாவின் வரலாற்றைக் கற்க வேண்டும். ஸதஃப்கார் என்பது சிப்பி இழைப்பவர் என்னும் தொழிற்பட்டம். நீலப் பள்ளிவாசல் என்று உலகம் அழைக்கும் சுல்தான் அஹ்மத் பள்ளிவாசலைக் கட்டிய தலைமைக் கட்டடக்கலைஞர் அவர். பேரரசின் முதன்மைக் கட்டடக்கலைஞராக 1606இல் அமர்ந்தார். 1609இல் அப்பள்ளிவாசலுக்குக் கடைக்கால் தோண்டப்பட்டது. பணி முடிந்ததும் மறைந்தார். அத்தகைய பெருங்கட்டடத்தை எழுப்பிய பின்னரும் சிப்பி இழைப்பவர் என்ற பட்டம் அவர் பெயரினின்றும் நீங்கவில்லை. நீக்க வேண்டும் என்று எவரும் எண்ணியதாகவும் தெரியவில்லை.

அவருடைய அன்பரான ஜாஃபர் எஃபெந்தி 1614இல் எழுதி முடித்த கட்டடக்கலை நூலொன்று, அவர் இத்தொழிலுக்கு வந்த கதையைச் சொல்கின்றது. பால்கன் பகுதியிலிருந்து இளைஞராக இஸ்தான்புல் கொண்டுவரப்பட்ட மெஹ்மத், அரண்மனைத் தோட்டத்தில் பணிபுரிந்த நாளில் இசையில் மனம் பறிகொடுத்தார். இரவும் பகலும் பயின்றார். ஒருநாள் கனவில் நாடோடிப் பாணர் கூட்டம் ஒன்று இசைக்கருவிகளோடு தோன்றி அவரைக் கலங்கச் செய்தது. கனவின் பொருளைக் கேட்க ஒரு ஷெய்கை நாடினார். அப்பெரியவர் இசையைக் கைவிடுமாறு அறிவுரை கூறினார். கைவிட்டார், கருவிகளையும் ஒழித்தார். என்ன செய்வதென்று அறியாமல் தோட்டத்தில் திரிந்தவர், சிப்பி இழைப்போரும் கட்டடக்கலைஞரும் ஒருங்கே பயின்ற பட்டறையின் வாயிலை அடைந்தார். உள்ளே ஓர் இளைஞன் வடிவக்கணித நூல் ஒன்றை உரக்கப் படிக்க, மற்றவர்கள் செவிமடுத்திருந்தனர். அக்காட்சியே அவரை ஈர்த்துக்கொண்டது.

இசையை விட்டவர் கணிதத்தின் வழியே கைத்தொழிலுக்கு வந்தார் என்பதைக் கருதிப் பார்க்க வேண்டும். ஷெய்கின் அறிவுரை சரியோ தவறோ என்னும் வழக்கில் நாம் இறங்கவில்லை. இசையை இழந்த இழப்பு இழப்பே. ஆனால் அப்பட்டறை எத்தகையது என்பதை அக்கதை காட்டிவிடுகின்றது. மரமும் சிப்பியும் அறுக்கும் இடத்தில் நூல் படிக்கப்பட்டது. பேழை செய்யக் கற்றவனும் பள்ளிவாசல் கட்டக் கற்றவனும் ஒரே பலகையில் அமர்ந்தனர். ஒரு சாண் அகலத்துப் பேழை மூடியில் பன்னிரு கதிர் விண்மீனைப் பிசகின்றி விரிக்கத் தெரிந்தவனுக்கு நூறு அடி உயரக் குவிமாடம் அச்சம் தரவில்லை. மெஹ்மத் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவ்வாறு பயின்றார். பெருங்கட்டடக்கலைஞர் ஸினானின் தூண்டுதலால், குர்ஆனை விரித்து வைத்து ஓதும் பலகையொன்றைச் சிப்பி இழைத்துச் செய்து மூன்றாம் முராத் சுல்தானுக்கு அளித்தார். அரண்மனைக் காவற்பதவி கிட்டியது. பின்னர் ஓர் அம்பறாத்தூணி செய்தளித்தார், பதவி உயர்ந்தது. ஓதும் பலகையில் தொடங்கிய வாழ்க்கை பள்ளிவாசலில் முற்றியது. அப்பள்ளிவாசலில் கல்தச்சர் உளியிட்ட ஓசையை ஜாஃபர் எஃபெந்தி இசையின் பண்களோடு ஒப்பிட்டு எழுதுகின்றார். விட்டுப்போன இசைக்கு அவர் நண்பர் செய்த ஈடு போலும் அது.

மெஹ்மத் ஆகா ஒருவரே என்று எண்ணிவிடலாகாது. அவருக்குச் சற்று முன்னர் அதே தலைமைப் பதவியை வகித்த தல்கிச் அஹ்மத் ஆகாவும் சிப்பி இழைப்பில் தேர்ந்தவர். தல்கிச் என்றால் கடலில் மூழ்குபவர். அயாசோஃபியா வளாகத்தில் மூன்றாம் முராதின் அடக்கத்தலத்துக்குச் சிப்பி இழைத்த கதவுகளைச் செய்து, அவற்றில் தம் பெயரையும் பொறித்தார். சுல்தானின் கதவில் தச்சன் பெயர் எழுத இடம் கிடைத்த காலம் அது.

அக்கதவிலோ பேழையிலோ ஓர் எழுத்து எவ்வாறு உருவாயிற்று என்பதை அருகிருந்து காண்போம். சிப்பியின் வெளிப்புறம் கரடுமுரடானது. பாசியும் புழுத்துளையும் நிறைந்தது. சாணைக்கல்லில் நீர் வார்த்து அதனைத் தேய்த்து நீக்க வேண்டும். மிஞ்சும் தகடும் தட்டையாக இராது. கீல் இருந்த பக்கம் தடித்தும் விளிம்பு மெலிந்தும் இருக்கும். நடுவே தட்டையாகக் கிடைக்கும் சிறு பரப்பே எழுத்துக்கு உதவும். எழுத்தை வரைந்த தாளை அதன்மேல் ஒட்டி, மயிர்போல் மெல்லிய வாளால் மேலும் கீழும் இழுத்து அறுக்க வேண்டும். அரபு எழுத்துகளுள் அலிஃப் நேர்க்கோடு, அதில் இடர் இல்லை. வாவ், ஹே போன்ற எழுத்துகளின் கண்களோ கடுகளவு. அங்கே முதலில் துளையிட்டு, வாளின் இழையைக் கழற்றி அத்துளையில் நுழைத்து, மீண்டும் பூட்டி, உள்ளிருந்து அறுக்க வேண்டும். ஓர் இழுப்பு மிகுந்தால் அடுக்கு பிளந்து எழுத்து உடையும். உடைந்ததை ஒட்டுவதற்கு இயலாது. வேறு சிப்பி எடுக்க வேண்டும். அறுத்த எழுத்தின் அளவுக்குக் கருங்காலியில் பள்ளம் தோண்டி, வச்சிரம் காய்ச்சி ஊற்றிப் பதித்து, அரத்தாலும் மெழுகாலும் மெருகேற்றினால் எழுத்து மரத்தோடு சமமாகும். விரலால் தடவினால் எங்கே மரம் முடிந்தது, எங்கே ஓடு தொடங்கியது என்று தெரியலாகாது. அதுவே தேர்வு.

இந்திய நாட்டிலும் இத்தொழில் வேரூன்றியது. குஜராத்தின் சிப்பி வேலையை அபுல் ஃபஸ்லின் ஆயினே அக்பரி குறிப்பிடுகின்றது. ஃபத்தேபூர் சிக்ரியில் ஸலீம் சிஷ்தியின் அடக்கத்தலத்துக்குச் சென்றோர், வெண்பளிங்குச் சாளரங்களையே வியந்து திரும்புவர். கல்லறையின்மேல் நிற்கும் மர விதானத்தைச் சற்றே நின்று நோக்கினால், கருங்காலியின்மேல் சிப்பித்துண்டுகள் நெருங்கப் பதிந்திருப்பது புலனாகும். பளிங்கு பகலின் ஒளியை வாங்கி உள்ளே விடுகின்றது. விதானம் அதை வாங்கிக்கொள்கின்றது. தில்லியில் நிஜாமுத்தீன் அவுலியாவின் கல்லறைமேல் சிப்பி இழைத்த விதானம் ஒன்றை, ஜஹாங்கீரின் அதிகாரி ஃபரீத் கான் 1608ஐ ஒட்டி அளித்தார். இரண்டும் இன்றும் ஜியாரத் செய்வோர், அதாவது அடக்கத்தலத்தை நாடி வருவோர், நடுவே நிற்பவை. எண்ணெய் விளக்கின் புகையும் போர்வைத் துணிகளும் கைபடுதலும் அவற்றுக்கு ஊறு செய்யாமல் இல்லை. ஆயினும் அங்கே ஃபாத்திஹா ஓதும் குரல் நிற்கவில்லை. இஸ்தான்புல் பேழைக்குக் கிட்டாத பேறு அது.

மற்றொரு வகை இன்னும் எளியது. நம் மதிப்பில் இன்னும் உயர்ந்தது. பேழையும் இல்லை, மரமும் இல்லை. முழுச்சிப்பியின் உட்புறத்திலேயே திருவசனங்களைக் கீறிய பொருள்கள் அவை. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இந்தியாவில் செய்யப்பட்டவை எனக் கருதப்படும் பல சிப்பிகள் அருங்காட்சியகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் உள்ளன. நடுவே ஒரு மலர் அல்லது வட்டம்; அதனைச் சூழ்ந்து சிறு கட்டங்களில் வசனங்கள்; விளிம்பை ஒட்டி மீண்டும் ஒரு வரி. தட்டையான தாளில் எழுதிப் பழகிய கை, குழிந்த பரப்பில் நேர்வரி ஓடாது என்பதை விரைவில் கண்டுகொள்ளும். வரி குழிக்குள் இறங்கும்போது எழுத்து நெருங்க வேண்டும், ஏறும்போது அகல வேண்டும். கீறலில் கருமை தேய்க்காவிடில் எழுத்து ஒளியில் மறைந்துபோகும். தேய்த்தபின்னும் சிப்பியைச் சாய்த்துச் சாய்த்தே படிக்க இயலும். படிப்பவர் கையை அசைக்காமல் அதனைப் படிக்க முடியாது. பிணியோ அச்சமோ நேர்ந்தபோது காப்பாகக் கொள்வதற்கென்றே இத்தகையவை பல செய்யப்பட்டன. பெரும்பாலானவற்றில் செய்தவர் பெயர் இல்லை. அரசவைத் தச்சன் கதவில் பெயர் பொறித்தான்; சந்தையில் சிப்பி கீறியவன் இறைவன் பெயரோடு நிறுத்திக்கொண்டான். ஏலக்கூடங்களில் இவை இன்று விலை கூறப்படுவதைக் காண்கையில் நாம் நாணுகின்றோம். விலை போவது குற்றமன்று. எந்த ஊரில், எவர் இல்லத்தில், எந்நிலையில் இருந்தது என்னும் செய்தியைத் துடைத்துவிட்டு விற்பது குற்றம். செய்தி துடைக்கப்பட்ட சிப்பியை எத்துணைப் பேரறிஞரும் மீண்டும் அதன் ஊருக்குச் சேர்க்க இயலாது.

துருக்கியத் தொழிலறிஞர் இவ்வேலையை இஸ்தான்புல் பாணி, ஷாம் பாணி, குத்ஸ் பாணி என ஊர்ப்பெயரால் வகுப்பர். ஷாமில், அதாவது தமாஸ்கஸில், சிப்பியைச் சுற்றி உலோகக் கம்பி ஓடும். குத்ஸ் பாணி எருசலேம் சார்ந்தது. அதில் சிப்பியைப் புடைப்பாகச் செதுக்கி ஒட்டுவர். எருசலேமை அடுத்த பெத்லகேம் ஊர் சில நூற்றாண்டுகளாகவே சிப்பிச் செதுக்கலுக்குப் பெயர் பெற்றது. அவ்வூர்க் கைவினைஞருள் பெரும்பாலோர் கிறித்தவர். திருக்கல்லறைக் கோவிலின் சிறுவடிவத்தைச் செதுக்கிய அப்பட்டறைகளிலிருந்தே பாறைக் குவிமாடத்தின் சிறுவடிவங்களும் வெளிவந்தன. சிலுவை செய்த சாணையிலேயே முஸ்லிம்கள் இறைவனைத் துதிக்க எண்ணும் தஸ்பீஹ் மணிகளும் உருண்டன. சமய நல்லிணக்கம் குறித்து மேடையேறுவோர் பலர். அந்தப் பட்டறைத் தரையில் சிதறிக் கிடக்கும் வெண்துகளில் எது கோவிலுடையது, எது பள்ளிவாசலுடையது என்று பிரித்துக் காட்ட அவர்களுள் எவராலும் ஆகாது. 2023ஆம் ஆண்டு அக்டோபருக்குப் பின் போர் காரணமாகப் பயணிகளின் வருகை அற்றுப்போய், அவ்வூர்ப் பட்டறைகள் வாங்குவாரின்றித் தவித்தன. குண்டு விழுந்த இடத்தை மட்டுமே அழிவாகக் கணக்கிடும் உலகம், குண்டு விழாமலே அழியும் கைத்தொழிலைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒளியின் விலையைக் கொடுத்தோர் யார் என்பதையும் மறைக்கலாகாது. செங்கடலின் கருவிளிம்புச் சிப்பி தஹ்லக் தீவுகளை ஒட்டிய ஆழத்தினின்று எடுக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அங்கு மூழ்கியோருள் அடிமைகள் இருந்தனர். பாரசீக வளைகுடாவில் மூழ்கியோருள் பலர் பெயரளவில் உரிமையுடையோர்; படகுத் தலைவனிடம் வாங்கிய முன்பணம் ஆண்டுதோறும் வளர்ந்து, அவர்களைக் கடலோடு பிணைத்தது. கரையேறிய பின்னும் துன்பம் தீரவில்லை. சிப்பியை உலர்நிலையில் அறுத்தால் எழும் தூள் நுரையீரலைப் பற்றும். வியன்னாவில் சிப்பி கடைந்த இளந்தொழிலாளருக்கு எலும்பழற்சி உண்டாவதை 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். நீர் வார்த்து அறுக்கும் பழைய முறை அழகுக்காக வந்ததன்று, மூச்சுக்காகவும் வந்தது. விரைவை விரும்பி அம்முறையைக் கைவிட்ட பட்டறைகளை நாம் கண்டிக்கின்றோம்.

மன்னார்க் குடாவின் கரையில் வாழும் நமக்கு இங்கே ஓர் ஐயம் எழுதல் இயல்பு. முத்துச் சலாபம் கண்ட தூத்துக்குடிக்கும் கீழக்கரைக்கும் காயல்பட்டினத்துக்கும் இக்கலையில் பங்கு உண்டா? கீழக்கரை முஸ்லிம் குளியாளர் முத்துக்குளிப்பிலும் சங்குக்குளிப்பிலும் பெயர் பெற்றோர். இலங்கைச் சலாபங்களுக்கு வளைகுடாவிலிருந்து அரபுக் குளியாளரும் வந்ததுண்டு. ஆயினும் நம் கடலின் முத்துச்சிப்பி சிறியது, ஓடு மெல்லியது. செதுக்குவதற்கு உடல் போதாது. முத்தை எடுத்தபின் ஓடுகள் சிலாவத்துறைக் கரையில் மேடுமேடாய்க் குவிந்தன. நாம் உலகுக்கு அளித்தது முத்து. எழுத்தைத் தாங்கும் தகட்டைச் செங்கடலும் தென்கடல்களும் அளித்தன. ஊர்ப்பெருமைக்காக இல்லாத தொழிலை உண்டென்று எழுதுவது தலையங்கத்துக்கு அழகாகாது.

இன்றைய நிலைக்கு வருவோம். கெய்ரோவின் கடைத்தெருக்களில் சிப்பிப் பேழை என்று விற்கப்படுபவற்றுள் பல, நெகிழிப் படலம் ஒட்டிய மரப்பெட்டிகள். ஒளிக்கதிரால் எழுத்தை அறுக்கும் பொறி வந்துவிட்டது. நாளில் முடிந்த வேலை நொடியில் முடிகின்றது. பொறியை நாம் பகைக்கவில்லை. ஆனால் பொறி அறுத்த எழுத்தையும் கை அறுத்த எழுத்தையும் ஒரே விலைக்கு, ஒரே பெயரில், ஒரே கண்ணாடிப் பேழையில் வைத்து விற்பது ஏமாற்று. ஆமையோட்டின் செய்தி வேறு. அழுங்காமையின் ஓட்டை நாடுகளிடையே வணிகம் செய்வதை 1977 முதல் பன்னாட்டு உடன்படிக்கை தடுத்துள்ளது. அத்தடை முற்றிலும் நியாயமானது. பழம்பேழையில் ஓடு பெயர்ந்த இடத்தில் கொம்பையோ வேறு மாற்றையோ வைத்துப் பழுதுபார்க்கும் தொழிலறிஞர் சிலர் உள்ளனர். தொழில் உயிரோடிருந்தால் காலத்துக்கேற்ப மாறிக்கொள்ளும் என்பதற்கு அவர்களே சான்று.

தொழிலைக் காக்கும் முயற்சி முன்னும் நடந்ததுண்டு. இரண்டாம் அப்துல் ஹமீது சுல்தான் தாமே தச்சுவேலை கற்றவர். யில்டிஸ் அரண்மனையில் அவர் அமைத்த பட்டறையில் சிப்பி இழைப்பும் நடைபெற்றது. அவருக்குப் பின் அப்பட்டறை வீழ்ந்தது. பின்னர்க் குடியரசுக் காலத்தில் 1936இல், இஸ்தான்புல் நுண்கலைக் கழகத்தில் இத்தொழிலைக் கற்பிக்க வாஸிஃப் என்னும் ஆசான் அமர்த்தப்பட்டார். 1940இல் அவர் மறைந்தார். மெஹ்மத் ஆகா ஒருவர் தேர்ச்சி பெற இருபது ஆண்டு பிடித்த தொழிலுக்கு, ஒரு நாடு ஒதுக்கியது ஒரு முதியவரின் இறுதி நான்கு ஆண்டுகள்.

நம் வேண்டுகோள் பெரிதன்று. துருக்கியிலும் எகிப்திலும் சிரியாவிலும் இந்தியாவிலும் வக்ஃபு நிறுவனங்களும் தொல்லியல் துறைகளும் பழைய கதவுகளையும் மிம்பர் என்னும் உரைமேடைகளையும் விதானங்களையும் பழுதுபார்க்க ஆண்டுதோறும் பணம் ஒதுக்குகின்றன. ஒப்பந்தம் எடுப்பவர் பொருளைச் சீர்செய்து பட்டியல் நீட்டிப் பணம் பெற்றுச் செல்கின்றார். ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் மாணாக்கர் இருவரை ஆசானோடு அமர்த்த வேண்டும், அவர்களுக்கு ஊதியம் தர வேண்டும், வேலை முடியுங்கால் அவர்கள் தம் கையால் அறுத்த எழுத்தைக் காட்ட வேண்டும் என்று ஒரு விதி சேர்க்கப்படல் வேண்டும். பெருநகரப் பள்ளிவாசல் நிர்வாகங்கள் புதிய தரைவிரிப்புக்கும் தொங்குவிளக்குக்கும் வாரி வழங்குகின்றன. அதில் ஒரு சிறு பங்கைக் கையால் இழைத்த ஓர் ஓதும் பலகைக்கு ஒதுக்கட்டும். பலகையைக் கண்ணாடிக்குள் வைக்க வேண்டா. பிள்ளைகள் அதன்மேல் குர்ஆனை விரித்து ஓதட்டும், தேயட்டும், தேய்ந்தால் மீண்டும் ஆசானிடம் வரட்டும். அடுத்த நிதியாண்டுக்கான ஒதுக்கீடு எழுதப்படுமுன் இவ்விதி அதில் இடம்பெற வேண்டும்.